தலைவர் போட்ட முதல் பந்து

சகலை மேல் பொறாமைப்படுவதில் ஒரு சங்கடம் உண்டு. வெளியிலும் சொல்ல முடியாது, வீட்டிலும் சொல்ல முடியாது. வெளியில் சொன்னால், "சொந்தக்காரன் நல்லா இருந்தா உங்களுக்கு என்ன?" என்பார்கள். வீட்டில் சொல்லலாம் என்றால், அந்தச் சகலையைக் கட்டிக்கொண்டவள் மனைவியின் கூடப்பிறந்த தங்கை. ஆகவே கல்லூரியின் கூடைப்பந்துப் பயிற்சியாளர், எல்லோரும் கோச் என்று கூப்பிடுகிற அந்த மனிதர், தன் பொறாமையைச் சாப்பாட்டு டப்பாவோடு சேர்த்துக் காலையில் கல்லூரிக்கு எடுத்துப் போவார். மாலையில் திரும்பக் கொண்டுவருவார். டப்பா மட்டும் காலியாக வரும்.

சகலை அதே கல்லூரியில் இறகுப்பந்துப் பயிற்சியாளர். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே கோச்தான். "ரொம்ப அமைதியான பையன் சார், யார் வம்புக்கும் போகமாட்டான்" என்று முதல்வரிடம் சிபாரிசு செய்த தன் வாயை இப்போது நினைத்தால் ஊசி நூல் தேடத் தோன்றும். இருவருக்கும் ஒரே அறை. எதிரெதிர் மேசை. கோச்சின் முதுகுக்குப் பின்னால் இருந்த பீரோவின் மேல், அவருடைய பெண்கள் அணி வருஷா வருஷம் ஜெயித்துக் கொண்டுவந்த கோப்பைகள் நின்றன. இருப்பதிலேயே பெரிய கோப்பையில் துறையின் குடைகளைச் செருகி வைத்திருந்தார்கள்.

சகலையின் அணி போன இடத்திலெல்லாம் முதல் சுற்றிலேயே மூட்டை கட்டிக்கொண்டு திரும்பிவிடும். ஆனால் அவர் முதுகுக்குப் பின்னால் சுவர் முழுக்கப் புகைப்படம். எல்லாப் படத்திலும் கல்லூரியின் நிர்வாகத் தலைவர் கையில் மட்டையோடு சிரித்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் சகலை கைதட்டிக்கொண்டிருப்பார். கோச் தலை நிமிர்ந்தால் அந்தச் சுவர்தான் தெரியும். பதினெட்டு வருஷ சர்வீஸில் தலைவரோடு கோச் எடுத்துக்கொண்ட படம் ஒன்றுகூடக் கிடையாது. ஒரு படத்தில் அவருடைய முழங்கை இருக்கிறது.

இதற்குக் காரணம், அந்தக் கல்லூரியில் யார் ஜெயித்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. தொடக்க விழா எப்படி நடந்தது என்றுதான் கேட்பார்கள். எந்தப் போட்டியானாலும் முதல் பந்தைத் தலைவர்தான் போட வேண்டும். போட்டால் மட்டும் போதாது. அது சேர வேண்டிய இடத்தில் போய்ச் சேர வேண்டும். சேரும்வரை போட்டி தொடங்கியதாகவே கருதக் கூடாது என்பது கல்லூரி விதி.

இறகுப்பந்தில் இது ஒரு பொருட்டே இல்லை. தலைவர் மட்டையை ஆட்டினால் போதும், இறகு எப்படியோ வலையைத் தாண்டி விழுந்துவிடும். கொஞ்சம் தாழ்ந்து போனாலும், வலையின் இரண்டு பக்கமும் நிற்கும் மாணவர்கள் வலையைத் தாழ்த்திப் பிடித்துக்கொள்வார்கள். கைதட்டல், படம், தேநீர், ஆளுக்கொரு பிஸ்கட்.

கூடைப்பந்து வளையமோ பத்தடி உயரத்தில் இருக்கிறது. தலைவர் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு வருஷம் அவர் போட்ட பந்து முன்னால் போகாமல் பின்னால் போய், பௌதிகப் பேராசிரியரின் மடியில் உட்கார்ந்தது. அடுத்த வருஷம் தரையில் பட்டு எழும்பி, தலைவரின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் போயிற்று. இரண்டு வருஷமும் கோச்சின் அணிதான் கோப்பையை வென்றது. கல்லூரி ஆண்டு மலரில், "கூடைப்பந்து: வருந்தத்தக்க நிகழ்வு" என்று ஒரு வரி வந்தது. இறகுப்பந்துக்கு நடுப்பக்கம் முழுவதும்.

இந்த நிலையில் உடற்கல்வி இயக்குநர் ஓய்வு பெற்றார். சர்வீஸ்படி அந்த நாற்காலி கோச்சுக்குத்தான் வர வேண்டும். நாற்காலியோடு, கல்லூரி வளாகத்துக்குள்ளேயே பால்கனி வைத்த மாடி வீடு ஒன்றும் வரும். முதல்வர் கோச்சைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உக்காருங்க கோச். உங்க அணி ஜெயிக்குது. அதை நான் ஒரு குறையா சொல்லமாட்டேன்" என்று ஆரம்பித்தார் முதல்வர். "ஆனா ஜெயிக்கறதுல ஒரு சிக்கல் இருக்கு பாருங்க. யாராவது ஒருத்தர் எப்படியும் ஜெயிச்சுடறாங்க. நாம இல்லன்னா எதிரணி. அது தானா நடக்கற விஷயம். தலைவர் சந்தோஷமா வீட்டுக்குப் போறது தானா நடக்குமா? அதுக்கு நிர்வாகத் திறமை வேணும். நான் இந்த இடத்துக்கு எப்படி வந்தேன்னு நினைக்கறீங்க, ஆராய்ச்சி பண்ணியா? ஒரு தடவை தலைவர் பேசிக்கிட்டிருக்கும்போது மைக் நின்னு போச்சு. யாரும் கவனிக்கறதுக்குள்ள நான் எழுந்து கைதட்ட ஆரம்பிச்சுட்டேன். மொத்தக் கூட்டமும் தட்டிச்சு. மைக் சரியாகற வரைக்கும் தட்டிச்சு. அந்த வருஷமே எனக்குப் பதவி உயர்வு."

"புரியுது சார்" என்றார் கோச். புரியவில்லை.

"அடுத்த மாசம் இறுதிப் போட்டி நம்ம மைதானத்துல. தலைவர் போடற பந்து வளையத்துக்குள்ள விழுந்தா, நீங்க இயக்குநர். விழலன்னா உங்க சகலை. அவர் பாவம், வாய் திறந்து கேக்கவே இல்ல. கேக்காதவருக்குக் கொடுத்தாத்தான் நல்லா இருக்கும்னு குழுவுல ஒரு கருத்து இருக்கு."

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள். விஷயம் கோச்சுக்கு முன்னாலேயே அங்கே வந்து சேர்ந்திருந்தது.

"அக்கா, அந்தப் பால்கனிக்கு நீலத் திரை போட்டா எடுப்பா இருக்குமா, பச்சையா?" என்று தங்கை கேட்டாள்.

"எந்தப் பால்கனிக்குடி?"

"சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்க்கா. அளவு மட்டும்தான் எடுத்துட்டு வந்தேன்."

மாமியார் கேக் தட்டோடு வந்தார். "சின்ன மாப்பிள்ளைக்கு இன்னொரு துண்டு வைடி. அலைஞ்சு அலைஞ்சு பாதியா போயிட்டாரு." கோச்சின் தட்டு காலியாக இருந்தது. அவரும் காலையிலிருந்து மாலைவரை வெயிலில் ஓடுகிறவர்தான். ஆனால் அவருக்கு இளைக்கிற உடம்பு இல்லை.

சகலை தன் துண்டைப் பாதியாக வெட்டி கோச்சின் தட்டில் வைத்தார். அருகில் நகர்ந்து, "அண்ணே, எனக்கு அந்தப் பதவியே வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடட்டுமா? உங்களுக்குத்தானே வரணும்" என்றார்.

கோச்சுக்கு வயிறு பற்றி எரிந்தது. பொறாமைப்படுகிறவனுக்கு எதிராளி கெட்டவனாக இருப்பது எவ்வளவு சௌகரியம்! இந்த மனிதர் அந்தச் சின்ன உதவியைக்கூடச் செய்யவில்லை.

"உன் தயவுல ஒண்ணும் வேணாம் தம்பி" என்று சொல்லிவிட்டு, அந்தக் கேக்கையும் சாப்பிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மனைவி, இறங்க வேண்டிய இடம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் வாயைத் திறந்தாள்.

"எனக்கு மாடி வீடெல்லாம் வேணாங்க. இருக்கற வீடே போதும். ஆனா அவ அந்தப் பால்கனியில உக்காந்துக்கிட்டு, 'வாக்கா, டீ குடி'ன்னு கூப்பிடுவா பாருங்க, அது மட்டும் என்னால முடியாது."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் தம்பதி இருவரும் இவ்வளவு ஒரே மனதாக இருந்தது இல்லை. கோச் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ் ஆட்டத்தில் பிடித்தது போல இருக்கட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

மறுநாளே தலைவருக்குப் பயிற்சி ஆரம்பமானது.

"முட்டியைக் கொஞ்சம் மடக்கிக்கணும் சார்" என்றார் கோச்.

"யாருக்கு முன்னாடி?"

"வளையத்துக்கு முன்னாடிதான் சார்."

"வளையம் யாரோடது?"

"கல்லூரியோடது சார்."

"அப்ப என்னோடது. என் சாமானுக்கு முன்னாடி நான் எதுக்குய்யா முட்டி போடணும்?"

முட்டி மடங்காமலேயே பயிற்சி தொடர்ந்தது. பந்து கனமாக இருக்கிறது என்றார் தலைவர். குழந்தைகள் விளையாடும் பந்து வந்தது. அது காற்றில் போய்விட்டது. வெயில் கண்ணில் படுகிறது என்றார். குடை பிடித்தார்கள். பந்து குடையில் பட்டுத் திரும்பியது. ஒவ்வொரு முறை தவறும்போதும் தலைவரின் செயலாளர், "அருமையான முயற்சி சார், வளையம்தான் ஒத்துழைக்கல" என்பார். தலைவர் வளையத்தை நிமிர்ந்து பார்க்கிற பார்வையில் வரவரக் கடுமை கூடியது. ஒரு நாள் கேட்டே விட்டார்: "அது எதுக்கு அவ்வளவு உயரத்துல இருக்கு? யார் அனுமதி கொடுத்தது?"

உடனே வளைய உயர மறுபரிசீலனைக் குழு அமைந்தது. கோச் அதில் இல்லை. கூடைப்பந்து தெரிந்தவர் இருந்தால் நடுநிலைமை கெட்டுப்போகும் என்று முதல்வர் கருதினார். கோச் கதவருகே நின்று கேட்க மட்டும் அனுமதி கிடைத்தது.

இலக்கியப் பேராசிரியர் முதலில் பேசினார். "உயரம்னு தனியா ஒண்ணு கிடையாது. தாழ்வு இருக்கறதாலதான் உயரம். ஒரு வளையத்தைக் கீழே இறக்கறோம்னு ஏன் நினைக்கணும்? பூமியை அதோட மரியாதைக்கு ஏத்தறோம்னு நினைக்கலாமே. நான் இருபது வருஷமா இப்படித்தான் பேசிக்கிட்டிருக்கேன், யாரும் என்னை எதிர்த்து ஒரு கேள்வி கேட்டதில்ல."

கணக்கு அலுவலர், "பத்தடிக் கம்பம் வாங்கியிருக்கோம். அஞ்சடி போதும்னா, மீதி அஞ்சடி இத்தனை வருஷமா சும்மா நின்னுக்கிட்டிருந்திருக்கு. இதுக்கு யார் பொறுப்பு?" என்று கதவுப் பக்கம் பார்த்தார்.

பௌதிகப் பேராசிரியர் மட்டும், "வளையத்தை இறக்கறதுக்குப் பதிலா, தலைவரை ஒரு ஸ்டூல் மேல..." என்று ஆரம்பித்தார். வாக்கியம் முடிவதற்குள் அவர் குழுவில் இல்லை.

மைதானத்தின் இரண்டு பக்கமும் புதிய கம்பங்கள் நட்டார்கள். கைப்பிடியைச் செருகிச் சுற்றினால் வளையம் ஏறும், இறங்கும். கைப்பிடி ஒன்றே ஒன்று. அதைக் கோச்சின் பொறுப்பில் கொடுத்தார்கள். இத்தனை வருஷ சர்வீஸில் நிர்வாகம் அவரை நம்பிக் கொடுத்த முதல் பொருள் அது. அன்று மாலை அதைத் துடைத்து, சகலையின் கண்ணில் படும்படி மேசைமேல் வைத்தார்.

"நல்லா இருக்குண்ணே" என்றார் சகலை, மனதார.

இதற்கிடையில் அணி என்று ஒன்று இருப்பதே கோச்சுக்கு மறந்துவிட்டது. அணித்தலைவி, நெட்டை என்று தோழிகள் கூப்பிடும் பெண், ஒரு நாள் அவர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"கோச், ஒரு சந்தேகம். தலைவர் பந்தை எந்தப் பக்கம் பாஸ் பண்ணுவாருன்னு சொல்லிட்டீங்கன்னா, நாங்க அந்தப் பக்கமா ஓடிப் பழகிக்குவோம்."

"கிண்டலா?"

"இல்ல கோச். நீங்க எங்களை விட்டுட்டு அவருக்குத்தானே சொல்லித்தர்றீங்க. அவரும் எங்க டீம்லதான் இருக்காருன்னு நினைச்சோம்."

"இந்த ஒரு மேட்ச் போகட்டும்மா. இயக்குநர் ஆயிட்டேன்னா உங்களுக்கு எல்லாம் செஞ்சு தரேன். புது ஷூ, புதுத் தளம், எல்லாம்."

"எங்களுக்கு நீங்க சாயங்காலம் வந்தா போதும் கோச்" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

இறுதிப் போட்டி நாளும் வந்தது. மைதானத்தைச் சுற்றி நாற்காலி கொள்ளாத கூட்டம். எதிரணி வந்து உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தது. அவர்களுடைய பயிற்சியாளர், தொப்பி போட்ட ஒரு பெண்மணி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு இங்கே நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் கோச்சின் மனைவி, பக்கத்தில் தங்கை, அதற்குப் பக்கத்தில் சகலை.

வளையம் தலைவரின் தலைக்குச் சற்று மேலே இறக்கப்பட்டிருந்தது. தலைவர் பந்தைப் போட்டார். அது வளையத்தின் அடிப்பக்கத்தில் இடித்துக் கீழே விழுந்தது. "அருமையான தொடக்கத்தின் தொடக்கம்!" என்று ஒலிபெருக்கியில் முதல்வர் அறிவித்தார். கோச் ஓடிப்போய்க் கைப்பிடியைச் சுற்றினார். வளையம் தோள் உயரத்துக்கு வந்தது. இந்த முறை பந்து வளையத்தைத் தாண்டிப் போய்விட்டது. கோச் மறுபடி சுற்றினார். சுற்றும்போது ஓரக்கண்ணால் முன்வரிசையைப் பார்த்தார். சகலை கைகளைக் கோத்துக்கொண்டு, உதடு துடிக்க, கோச் ஜெயிக்க வேண்டும் என்று மனமுருகி வேண்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் கோச் இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினார்.

வளையம் தலைவரின் இடுப்புக்கு வந்து நின்றது. தலைவர் நடந்து போய், பந்தை அதற்குள் வைத்தார்.

மைதானமே அதிர்ந்தது. காகிதப் பூக்கள் பறந்தன. செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைவர் கோச்சின் தோளில் கை போட்டார், புகைப்படக்காரர் பளிச் பளிச்சென்று எடுத்தார். கோச் சிரித்த சிரிப்பில் கடைவாய்ப் பல்வரை தெரிந்தது.

நடுவர் விசிலை எடுத்தார். நெட்டை கோச்சிடம் ஓடி வந்தாள். "வளையத்தை ஏத்திடலாம் கோச். ஆட்டம் ஆரம்பிக்கணும்."

கோச் கைப்பிடியைச் செருகப் போனார். முதல்வர் குறுக்கே வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"என்ன காரியம் பண்றீங்க? தலைவர் போட்ட உயரத்தைவிட மேல பசங்க போட்டா, அது யாரை அவமானப்படுத்தற மாதிரி? தலைவர் இன்னும் கிளம்பல."

"அப்ப ஆட்டம் எப்படி சார்?"

"ஆட்டத்தைத்தான் தலைவர் தொடங்கி வச்சுட்டாரே. இதுக்கு மேல என்ன ஆட்டம்?"

தொப்பிக்காரப் பெண்மணி அருகில் வந்து வளையத்துக்குள் எட்டிப் பார்த்தார். "இது கூடைப்பந்தா சார், இல்ல காய்கறிக் கூடையா? நாங்க இதுல எதைப் போடணும்?"

"கோச்" என்றாள் நெட்டை. இப்போது கிண்டல் இல்லை. "நீங்க ஏத்துங்க. நீங்க ஏத்தினா யாரும் தடுக்க முடியாது. கைப்பிடி உங்க கையிலதான் இருக்கு."

இருந்தது. கோச் ஐந்து பெண்களையும் பார்த்தார். காலைப் பனியில் அவர்களை ஓடவிட்டவர் அவர். யாருக்கு எந்தக் கணுக்கால் சுளுக்கும் என்று தெரிந்தவர். பிறகு முன்வரிசையைப் பார்த்தார். தங்கை அக்காவின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். சகலை எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். எப்போதும் தலைவருக்குப் பக்கத்தில் நின்று தட்டும் அதே கைகள், இன்று தூரத்திலிருந்து தட்டின.

கோச் கைப்பிடியைத் தன் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

எதிரணி தங்கள் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டது. கல்லூரி இரண்டுக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் வென்றதாக அறிவிக்கப்பட்டது. இரண்டு புள்ளிகளும் தலைவருடையவை. சிறந்த ஆட்டக்காரர் பரிசும் அவருக்கே போயிற்று. வாங்கும்போது அவர் கூச்சத்தோடு சொன்னார்: "பயிற்சி இல்லாம எதுவும் இல்ல."

ஆகவே கோச் இயக்குநர் ஆனார். இனி அவரை அப்படித்தான் சொல்ல வேண்டும். மாடி வீட்டுக்குக் குடி போனார்கள். மனைவி பால்கனிக்கு நீலத் திரை போட்டு, தங்கையைக் கூப்பிட்டு உட்கார வைத்து டீ கொடுத்தாள். தங்கை, "பச்சை போட்டிருக்கலாம்க்கா" என்று சொல்லிவிட்டுக் குடித்தாள். மாமியார் முதல் தடவையாகப் பெரிய மாப்பிள்ளை இளைத்துவிட்டதாகச் சொன்னார்.

இயக்குநரின் அறையில் இப்போது சுவரெல்லாம் படம். அந்த அறையிலிருந்து அவர் வெளியே வருவது தொடக்க விழாக்களுக்கு மட்டும்தான். அது போக, வளையத்தை மறுபடி உயர்த்துவது பற்றிய விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் குழுவுக்கும் அவரே தலைவர். நிர்வாகத் தலைவருக்கு வருத்தம் ஏற்படாமல் உயர்த்துவது எப்படி என்று குழு இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது. தலைவரின் வளையத்தைவிட உயரமாக இருக்கக் கூடாது என்று எதிர்ப்பக்க வளையத்தையும் இறக்கிவிட்டார்கள்; இரண்டும் இடுப்பளவிலேயே நின்றன. தோட்டக்காரர் அவற்றில் துணி காயப்போட்டார்.

கூடைப்பந்துக்கு ஆள் வேண்டுமே? கேட்டால் மறுக்கமாட்டார் என்பதற்காகச் சகலையிடம் கொடுத்தார்கள்.

"எனக்குக் கூடைப்பந்துல ஒண்ணுமே தெரியாதும்மா. நீங்கதான் எனக்குச் சொல்லித் தரணும்" என்று முதல் நாளே பெண்களிடம் சொல்லிவிட்டாராம் சகலை. அவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் கேட்டு, பத்தடி வளையம் உள்ள மைதானத்துக்குத் தினமும் மாலை அவர்களைக் கூட்டிப்போனார் சகலை. கூடவே ஓடினார். ஓட முடியாதபோது ஓரத்தில் நின்று தண்ணீர் பாட்டில்களை நிரப்பினார். மாலையில் பால்கனியில் உட்கார்ந்திருக்கும்போது, அவர்கள் திரும்பி வருகிற சத்தம் இயக்குநருக்குக் கேட்கும். ஒருத்தி ஏதோ சொல்ல, எல்லோரும் சிரிக்க, நடுவில் சகலையின் சிரிப்பு தனியாகத் தெரியும்.

"என்னங்க, டீ ஆறுது" என்பாள் மனைவி.

"அந்த ஆளுக்கு இந்த வயசுல என்ன சிரிப்பு?" என்பார் இயக்குநர்.

அந்த வருஷம் வெளியூரில் நடந்த இறுதிப் போட்டியில் அணி கோப்பையை வென்றது. அங்கே யாரும் முதல் பந்து போடவில்லையாம். நடுவர் விசில் ஊதினாராம், ஆட்டம் ஆரம்பித்துவிட்டதாம். இயக்குநர் இதை இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டார்.

ஆண்டு மலருக்குப் படம் எடுக்க எல்லோரும் கட்டட வாசலில் கூடினார்கள். விதிப்படி நடு நாற்காலி இயக்குநருக்கு. அவர் அதில் உட்கார்ந்து, கோப்பையை மடியில் வைத்துக்கொண்டார். பெண்கள் பின்னால் வரிசையாக நின்றார்கள். புகைப்படக்காரர் குனிந்தார், நிமிர்ந்தார், வலது ஓரம் காலியாக இருக்கிறது என்றார்.

நெட்டை கையை உயர்த்தி, உரக்கக் கூப்பிட்டாள்.

"கோச்! இங்க வாங்க, எங்க பக்கத்துல நில்லுங்க!"

இயக்குநர் எழுந்துவிட்டார். கோப்பையைத் தூக்கிக்கொண்டு, விறுவிறுவென்று நாலு எட்டில் வலது ஓரத்துக்குப் போய், அவள் பக்கத்தில் நின்று, கேமராவைப் பார்த்துச் சிரிக்கவும் ஆரம்பித்துவிட்டார். அப்புறம்தான் நெட்டை தன்னைப் பார்க்கவில்லை என்பதைக் கவனித்தார். மரத்தடியில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்த சகலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள் அவள்.

ஒருத்தி தொண்டையைச் செருமினாள்.

சகலை அங்கிருந்தே, "அண்ணே, உங்களைத்தான் கூப்பிட்டாங்க. நீங்களே நில்லுங்க" என்றார். அந்தக் குரலில் பொய் இருந்தது. இத்தனை வருஷத்தில் சகலை சொல்லி அவர் கேட்ட ஒரே பொய் அதுதான்.

இயக்குநர் தலையை உயர்த்தி வானத்தைப் பார்த்தார். பிறகு புகைப்படக்காரரைப் பார்த்தார்.

"இந்த இடத்துல வெளிச்சம் சரியா விழுதான்னு பாக்கத்தான் வந்தேன்" என்றார். "நல்லா விழுது."

கோப்பையை நெட்டையின் கையில் கொடுத்துவிட்டு, நடு நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார்.